இயற்பியல் இந்த வருஷம் இல்லை

மூன்று வருஷமாகக் கவிப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தது லென்ஸ்களை. செல்போன் கேமராவுக்குள் போகிற, மிளகைவிடச் சின்ன லென்ஸ்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்து, கீறல் இருந்தால் சிவப்புத் தட்டில், இல்லாவிட்டால் பச்சைத் தட்டில் போட வேண்டும். ஒரு லென்ஸுக்கு ஒன்பது நொடி. சிலவற்றின் மேல், மழைக்குப் பிறகு ரோட்டில் சிந்திய டீசலில் தெரிவதுபோல வண்ணம் ஓடும். சேர்ந்த முதல் வாரத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"சார், எல்லாத்துக்கும் ஒரே கோட்டிங்தான? ஒன்னு பச்சையா தெரியுது, ஒன்னு ஊதாவா தெரியுது. ஏன் சார்?"

"கீறல் கீதா இல்லியா, அத மட்டும் பாரு" என்றார் அவர்.

பாதி விடை அவளுக்கே தெரியும். மண்ணூர்ப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. மெல்லிய படலத்தில் ஒளி குறுக்கிடுவதைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சத்துக்கு அப்புறம் என்ன என்பதுதான் தெரியாது.

பரீட்சை முடிந்த கையோடு கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். அப்போது அப்பா நடேசன் வேலையிடத்தில் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தார். ஒரு வருஷம் போய்விட்டு வந்து படிக்கிறேன் என்று சொல்லித்தான் போனாள். ஒன்று மூன்றாயிற்று. கம்பெனியில் அவள் 'டிரெய்னி'. மூன்று வருஷம் முடிந்தால் நிரந்தரம் பண்ண மாட்டார்கள், வெளியே அனுப்பிவிட்டுப் பள்ளியிலிருந்து அடுத்த கூட்டத்தை எடுப்பார்கள். இந்த ஜூனோடு அவளுக்கு முடிகிறது. மே மாதத்தில் ஒருநாள் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு, போனில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் பார்த்தாள். வாலாஜாபாத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற சின்ன அரசுப் பல்கலைக்கழகம். ஐந்து வருஷ எம்.எஸ்சி. இயற்பியல் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் நேரில் வந்து சுற்றிப் பார்க்கலாம், அசல் சான்றிதழ்களோடு வரவும் என்றும் இருந்தது.

நடேசனும் கூட வந்தார். ஒரு காலத்தில் சொந்த நிலத்தில் நாற்று நட்டவர். இப்போது ஒரு குடோன் வாசலில் செக்யூரிட்டி. கழுத்தில் ஐடி கார்டு தொங்க யார் வந்தாலும் அவர் கை தானாக நெற்றிக்குப் போகும். அன்று பஸ்ஸில் அவர் மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"அங்க போய் எடுத்தெறிஞ்சு பேசாத கவி. உனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

"நான் இன்னாத்துக்குப்பா பேசப் போறேன்? படிக்கக் கேட்டுப் போறோம்."

வாசலில் பந்தல். மேசையில் உட்கார்ந்திருந்த கிளார்க், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் வாங்கி ஒரு நீலக் கோப்பில் போட்டு அடுக்கினார். சரிபார்த்துவிட்டுத் தருவோம் என்றார். ஒரு விண்ணப்பம் கொடுத்தார். 'விரும்பும் பாடம்' என்ற இடத்தில் கவிப்பிரியா 'இயற்பியல்' என்று அழகாக எழுதினாள். அதையும் கோப்பில் வைத்துக்கொண்டு, நாற்பத்தொன்று என்று எழுதிய ஒரு டோக்கனைக் கொடுத்தார்.

அறுபது எழுபது பேர் இருந்தார்கள், பெற்றோர்களைச் சேர்த்து. அவர்களுக்குச் சுற்றிக் காட்டியவர் ராஜசேகர் என்ற சேர்க்கை ஒருங்கிணைப்பாளர். டை கட்டி, சட்டையில் சின்ன மைக் மாட்டியிருந்தார். நூலகத்தில் எல்லோரையும் இரண்டு நிமிஷம் நிற்க வைத்தார். "புக்ஸ் எல்லாம் இப்ப ஆன்லைன்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பழைய கட்டடத்தின் நடைபாதையில் போகும்போது ஒரு கதவுக்கு மேலே 'இயற்பியல் துறை' என்ற பலகை தெரிந்தது. கதவில் பூட்டு. பூட்டு பாதி மறைகிற அளவுக்கு உடைந்த பெஞ்சுகளை வாசலில் அடுக்கியிருந்தார்கள்.

"சார், இதப் பாக்கலாமா?" என்றாள் கவிப்பிரியா.

"சாவி இல்லம்மா. அடுத்து காட்டப் போறது வேற லெவல்ல இருக்கும், வா."

அடுத்தது ஒரு புதுக் கட்டடம். உள்ளே ஏசி. நீளமான கன்வேயர் பெல்ட், அதன் இரண்டு பக்கமும் வரிசையாக மைக்ராஸ்கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புத் தட்டு, ஒரு பச்சைத் தட்டு. சுவரில் நீலக் கோட்டுகளும் தலைமுடி உறைகளும் மாட்டியிருந்தன. மைக்ராஸ்கோப்பின் கம்பெனிப் பெயர்கூட அதேதான்.

"இதுதான் உங்க கிளாஸ்ரூம்" என்றார் ராஜசேகர். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். நடேசன் மகளின் தோளைத் தொட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "கவி, உன் கம்பெனி மாதிரியே கீது பாரு."

அவளுக்குக் காது சூடாகிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லோரையும் அரங்கில் உட்கார வைத்துத் திரையில் காட்டினார்கள். பி.வோக். என்ற மூன்று வருஷத் தொழிற்கல்விப் பட்டம். முதல் மூன்று மாதம் இங்கே. அதற்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாள் கம்பெனியில், ஒருநாள் இங்கே. படித்துக்கொண்டே வேலை, வேலை செய்துகொண்டே பட்டம். எந்தெந்தக் கம்பெனி என்ற பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர் கவிப்பிரியாவின் கம்பெனியுடையது. ஜூன் மாதம் அவளை வெளியே அனுப்பப் போகிற கம்பெனி. அவள் நாற்காலியில் இனி யார் உட்காரப் போகிறார்கள் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் ராஜசேகர். அவள் எழுந்தாள். நடேசன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

"சார், கம்பெனியில இன்னா சொல்லித் தருவாங்க?"

"ஆன் தி ஜாப் டிரெய்னிங்மா. விஷுவல் இன்ஸ்பெக்ஷன், பேக்கிங், குவாலிட்டி."

"விஷுவல் இன்ஸ்பெக்ஷன நான் மூணு வருஷமா பண்றேன் சார். அதக் கத்துக்க எனக்கு நாலு நாள் ஆச்சு. மீதி நாளெல்லாம் இன்னா சொல்லித் தருவாங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜசேகரும் சிரித்தார். "நல்லா பேசறியேம்மா. இதத்தான் லீடர்ஷிப்னு சொல்றது. நீ சேர்ந்தா உன்ன ஸ்டூடண்ட் லீடரா போட்டுடலாம்."

"நான் இயற்பியல் படிக்க வந்தேன் சார்."

"இயற்பியல் இந்த வருஷம் இல்லம்மா. டிமாண்ட் இல்ல."

"வெப்சைட்ல போட்டுருக்கு."

"அப்டேட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குக் கை காட்டினார்.

கவிப்பிரியா அரங்கை விட்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தாள். நடேசன் பின்னாலேயே விந்திக்கொண்டு வந்தார். டோக்கனை மேசையில் வைத்துச் சான்றிதழ்களைக் கேட்டாள். கிளார்க் கோப்பைத் தேடி எடுத்துத் திறந்தார். மேலாக அவள் விண்ணப்பம். 'இயற்பியல்' என்று அவள் எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'பி.வோக்.' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"இத யார் அடிச்சது?"

"அந்தக் கோர்ஸ் இல்லைன்னா இருக்கற கோர்ஸ்ல போட்டுருவாங்க. உன் பேர் லிஸ்ட்ல ஏறிடுச்சு."

"நான் சேரலை. சர்டிபிகேட்டக் குடுங்க."

"ஏறின பேர எடுக்க ராஜசேகர் சார் கையெழுத்து வேணும். கூட்டம் முடிஞ்சதும் அவரு சாப்பிடப் போயிடுவாரு. திங்கக்கிழமை வந்து வாங்கிக்க."

"திங்கக்கிழமை எனக்கு ஷிஃப்ட்."

"அப்ப லீவ் போடு."

நடேசன் முன்னால் வந்தார். "சரி சார். திங்கக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன் சார்" என்றார். அவர் கை பாதி வழியில் நெற்றிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ப்பா, கைய இறக்கு" என்றாள் கவிப்பிரியா.

அலுவலகத்தில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நடேசனின் கை இறங்கியது. முகம் சுருங்கிவிட்டது. அவரைப் பத்துப் பேர் எதிரில் அறைந்ததுபோல இருந்தது அவளுக்கு. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. இந்தக் கைதான் கால் முறிந்தபோது நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தது. பள்ளிக்கு வந்த கம்பெனிக்காரர் நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் இந்தக் கைதான். நடேசன் வெளியே போய்விட்டார்.

அவள் மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே போய் உட்காரச் சொன்னார் கிளார்க். போகவில்லை. அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"இயற்பியலுக்கு வந்தேன். பி.வோக்ல பேர ஏத்திட்டு சர்டிபிகேட்டப் புடிச்சு வச்சுகினு கீறாங்க."

அந்தப் பெண் கிளார்க்கைப் பார்த்தார், பேனாவை மூடினார். "வெளிய வா" என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் பெயர் ரஞ்சனி. அந்தப் பூட்டிய துறையில் கௌரவ விரிவுரையாளர், அதாவது வருஷத்துக்கு வருஷம் வேலையைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். நடைபாதைத் தூணுக்குப் பின்னால் நின்று அவர் சொன்னார்: "இயற்பியலை யாரும் எடுத்துடலைம்மா. பத்து விண்ணப்பம் வந்தா நடத்தியே ஆகணும்னு விதி. பத்து வரலைன்னாதான் நிறுத்தலாம். அதுக்குத்தான் வர்ற ஃபார்ம அடிச்சுடறாங்க. போன வருஷமும் இதேதான். இன்னும் மூணு வாரம் டைம் இருக்கு."

"உங்களுக்குப் போன வருஷமே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"அங்க அத்தன பேர் உக்காந்துகினு இருந்தாங்க. வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா எனக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காது."

"சொல்லாம இருந்தா அடுத்த வருஷம் உங்க துறையே இருக்காது மேடம்."

ரஞ்சனியின் கண் கலங்கியது. கவிப்பிரியாவுக்கு இரக்கம் வரவில்லை. இந்த இடத்தில் எல்லோரும் யாருக்காவது பயந்துகொண்டிருக்கிறார்கள், அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்துத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றியது. நன்றி சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சாம்பார் சாதத் தட்டோடு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கவிப்பிரியா நடுவில் போய் நின்றாள். ஆயிரம் பேர் வேலை செய்கிற தளத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுடையது.

"ஃபார்ம்ல இயற்பியல்னு எழுதினவங்க யாராவது கீறீங்களா?"

சாப்பிடுகிற கைகள் நின்றன.

"நான் எழுதினேன். அத அடிச்சுட்டு பி.வோக்னு எழுதி வச்சுருக்காங்க. பத்து பேர் கேட்டா இயற்பியல நடத்தித்தான் ஆவணும்னு இங்க ரூல் இருக்குது. நமக்கு அத யாரும் சொல்லல. உங்க ஃபார்ம்ல இன்னா எழுதிக்கீதுன்னு போய்ப் பாருங்க."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சாப்பிட்ட கையோடு எழுந்தாள். "நான் எழுதினேன்க்கா. எம் பேரு மெர்சி. சிங்கப்பெருமாள் கோவில்லருந்து வரேன்." அவளுக்குப் பின்னால் ஒரு பையன் எழுந்தான். பிறகு இன்னும் மூன்று பேர். ஒரு பெண்ணை அவள் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். ஐந்து பேரும் கவிப்பிரியாவோடு அலுவலகத்துக்குப் போனார்கள்.

அங்கே போனால் வாசலில் நடேசன் நின்றுகொண்டிருந்தார். குடோன் கேட்டில் நிற்கிற மாதிரியே, காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி. உள்ளே சாப்பிட்டுவிட்டு வந்த ராஜசேகர். நடேசன் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க குடோன்ல ஒரு அட்டைப்பொட்டி உள்ள வந்தாக்கூட நோட்டுல எழுதி, கையெழுத்து வாங்கினுதான் சார் வுடுவேன். யார்கிட்ட வாங்கினோம், எத்தினி மணிக்கு, எத்தினின்னு. எம் பொண்ணு சர்டிபிகேட்டு மூணு வாங்குனீங்க. எந்த நோட்டுல எழுதுனீங்க? ரசீது எங்க?"

"பெரியவரே, டோக்கன் குடுத்திருக்கோம்ல."

"டோக்கன்ல நம்பர் கீது சார். சர்டிபிகேட்டுன்னு கீதா? எழுதாம வாங்குனா அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு. நோட்டக் காட்டுங்க, நான் போய்டறேன். இல்லைன்னா அந்தக் கோப்பு வர்ற வரைக்கும் நான் இந்த வாசல்லதான் நிப்பேன். நிக்கறதுதான் சார் என் வேல. பன்னெண்டு மணி நேரம் நிப்பேன்."

ராஜசேகர் அவரைத் தாண்டிப் பார்த்தார். பின்னால் ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால், என்ன நடக்கிறதென்று பார்க்கப் பந்தலிலிருந்து இன்னும் கொஞ்சம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அப்பா, தன் பையனின் படிவத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். மைக் இன்னும் சட்டையில் இருந்ததால் ராஜசேகர் கிளார்க்கிடம் முணுமுணுத்தது வெளியே பந்தல் ஒலிபெருக்கியில் கேட்டது: "குடுத்துத் தொலை, கூட்டம் சேருது."

கோப்புகள் வந்தன. மெர்சியின் படிவத்திலும் சிவப்பு மை. மற்ற நாலு பேருடையதிலும் அப்படியே. கவிப்பிரியா மூன்று சான்றிதழ்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பையில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"இப்ப புது ஃபார்ம் குடுங்க."

"ஃபார்ம் தீந்துடுச்சு" என்றார் கிளார்க்.

மெர்சி தன் நோட்டிலிருந்து ஆறு தாளைக் கிழித்தாள். ஆறு பேரும் நடைபாதைத் தரையில் உட்கார்ந்து, ஐந்து வருஷ எம்.எஸ்சி. இயற்பியலில் சேர விரும்புவதாக எழுதினார்கள். 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, ஆளுக்கொரு நகல் கொடுக்கும்வரை நடேசன் வாசலை விட்டு நகரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அப்பாவும் மகளும் வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "அத்தன பேர் எதுக்க அப்படி சொல்லியிருக்கக் கூடாதுப்பா."

"சொன்ன இல்ல, சொன்னதுதான்" என்றார் நடேசன். கோபமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் வந்ததும் முதலில் ஏறி அவளுக்கு இடம் பிடித்தார்.

இன்னும் நாலு பேர் வேண்டும். மூன்று வாரம். மெர்சி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தன் பழைய வகுப்புத் தோழிகளின் வீடுகளுக்குப் போய் இரண்டு பேரைப் பிடித்தாள். கவிப்பிரியா கம்பெனி பஸ்ஸில் சீட் சீட்டாகப் போய்க் கேட்டாள். பலர் சிரித்தார்கள். "அஞ்சு வருஷமா? அதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகி ரெண்டு கொழந்தை பொறந்துடும்" என்றாள் ஒருத்தி. அவளோடு ஜூனில் வெளியே போகிற இரண்டு டிரெய்னிகள் ஒத்துக்கொண்டார்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் பத்தாவது விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது. கிளார்க் அதைக் குத்திய வேகத்தில் மை தெறித்தது.

பத்துப் பேருக்கும் சேர்க்கைக் கடிதம் வர ஆகஸ்ட் ஆயிற்று. இரண்டு தடவை போய்ப் பதிவாளர் அறை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

இயற்பியல் வகுப்பு தொடங்கிய அன்று காலை, வாலாஜாபாத் ரோட்டில் கவிப்பிரியாவும் மெர்சியும் வந்த பஸ்ஸுக்கு எதிரே பல்கலைக்கழகத்தின் வண்டி ஒன்று ஒரகடம் பக்கம் போயிற்று. உள்ளே நீலக் கோட்டு போட்ட பெண்கள், பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு. மூன்று மாதம் இங்கே பாடம் என்று அரங்கில் சொன்னார்கள். பி.வோக். வகுப்பு தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த வண்டி கண்ணிலிருந்து மறைகிறவரை கவிப்பிரியா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெர்சி ஏதோ சொன்னாள். அவள் காதில் விழவில்லை.

துறை வாசலில் உடைந்த பெஞ்சுகள் அப்படியே கிடந்தன. பத்துப் பேரும் சேர்ந்து இழுத்து ஓரம் போட்டார்கள். ரஞ்சனி பூட்டைத் திறந்தார். உள்ளே எலி வாசனை. ஒரே ஒரு கரும்பலகை, ரஞ்சனி அதைத் துடைத்து எழுதத் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ராஜசேகர் போட்டோகிராபரோடு வந்து நின்றார்.

"இயற்பியலை மீட்டெடுத்த பல்கலைக்கழகம்னு ஒரு நியூஸ் போடறோம். எல்லாரும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க. ரஞ்சனி மேடம், நீங்க நடுவுல."

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் கவிப்பிரியாவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்லலாம் என்று வாய் திறப்பதற்குள் ரஞ்சனி பேசினார்.

"கிளாஸ் நடக்குது சார். கதவைச் சாத்திட்டுப் போங்க."

ராஜசேகர் கதவைச் சாத்தாமலே போனார். கவிப்பிரியா எழுந்து போய்ச் சாத்தினாள், வேண்டுமென்றே ஓங்கி. அந்தச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து, பலகையில் இருந்ததை எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.